பிழைகள் எந்தப் பக்கம் சாய்கின்றன?

கடற்போர்த் திரைப்படம் ஒன்று வெளிவந்ததும் அதன் பிழைகளைத் தேடிப் புறப்படும் கூட்டம் ஒன்று உண்டு. முற்காட்சியில் நனைந்திருந்த சட்டை பிற்காட்சியில் உலர்ந்துவிட்டது. இடக் கன்னத்தில் இருந்த எண்ணெய்க் கறை வலக் கன்னத்துக்கு மாறிவிட்டது. அக்காலத்தில் இல்லாத கைக்கடிகாரம் மாலுமி ஒருவரின் மணிக்கட்டில் மின்னுகிறது. இவ்வாறு பட்டியல் நீளும். பட்டியல் போட்டவர் மனநிறைவோடு உறங்கச் செல்வார். இவருக்கு எதிர்ப்புறத்தே இன்னொரு கூட்டம் நிற்கிறது. "படந்தானே! இரண்டு மணி நேரம் பார்த்துவிட்டுப் போவதற்கு வரலாற்றுப் பரீட்சையா வைக்கிறீர்கள்?" என்பது இவர்களின் கேள்வி.

இவ்விரு சாராரும் ஒருவரையொருவர் ஏளனஞ் செய்வரேனும், ஒரு விடயத்தில் ஒன்றுபட்டே நிற்கின்றனர். பிழை என்பது தற்செயலாக நேர்வது என்று இருவரும் நம்புகின்றனர். முன்னவர் அதனை எண்ணுகிறார். பின்னவர் அதனை மன்னிக்கிறார். பிழை எந்தப் பக்கம் சாய்கிறது, அதனால் யாருக்கு இலாபம், யாருக்கு நட்டம் என்று இருவருமே கேட்பதில்லை.

கடைக்காரரின் கணக்கிலே பிழை நேர்வது இயல்பு. ஒரு நாள் அவருக்கு நட்டமாகவும் மறுநாள் எமக்கு நட்டமாகவும் பிழை நேருமாயின் அது கவனக்குறைவு. எந்நாளும் எமக்கே நட்டமாக வந்துகொண்டிருக்குமாயின் அதற்கு வேறு பெயர் உண்டு. திரைப்படப் பிழைகளையும் இந்த உரைகல்லிலேயே உரைத்துப் பார்த்தல் வேண்டும் என்பது எமது கருத்து. அதற்கு ஏற்ற உதாரணமாக 2000 ஆம் ஆண்டில் ஹொலிவூட்டிலிருந்து வெளிவந்த "யு-571" என்னும் படத்தை எடுத்துக்கொள்கிறோம். ஜொனதன் மொஸ்டோ நெறிப்படுத்திய இப்படம் ஒலித்தொகுப்புக்காக ஒஸ்கார் விருதும் பெற்றது. படம் வந்து கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. எனினும் அது விதைத்த கதை இன்னும் முளைத்துக்கொண்டிருப்பதனால், அதைப் பற்றிப் பேசுவது காலங்கடந்த செயலன்று.

படத்தின் கதை இதுதான். 1942 ஆம் ஆண்டின் இளவேனிற் காலம். யு-571 என்னும் ஜேர்மன் நீர்மூழ்கி அத்திலாந்திக் நடுவே இயந்திரம் பழுதுற்று நிற்கிறது. அதனுள்ளே "எனிக்மா" எனப்படும் சங்கேதப் பொறி இருக்கிறது. அதனைக் கைப்பற்றும் பொருட்டு, எஸ்-33 என்னும் பழைய அமெரிக்க நீர்மூழ்கி ஜேர்மன் கப்பலைப்போல வேடம் பூண்டு செல்கிறது. அமெரிக்க வீரர்கள் யு-571 இனுள் பாய்ந்து துப்பாக்கிச் சமர் புரிந்து அதனைக் கைப்பற்றுகின்றனர். அவ்வேளையில் ஜேர்மனியரின் விநியோக நீர்மூழ்கி ஒன்று வந்து எஸ்-33 ஐத் தகர்த்துவிடுகிறது. எஞ்சிய சிலர், தமக்குப் புரியாத மொழியில் எழுதப்பட்ட விசைகளைக் கொண்ட பகைவரின் படகையே ஓட்டி, அந்நீர்மூழ்கியையும் பின்னர் வந்த நாசகாரிக் கப்பலையும் அழித்து, எனிக்மாவோடு கரை சேர்கின்றனர். இளம் அதிகாரி ஒருவர் தலைமைப் பண்பு பெற்றுத் தேறுவது படத்தின் உட்பொருள்.

முதலில் தொழில்நுட்பப் பிழைகளைப் பார்ப்போம். ஜேர்மன் கடற்படையின் விநியோக நீர்மூழ்கிகள் 1942 இளவேனிலில்தான் பணியில் இறங்கின. எண்ணெயும் உணவும் சுமந்து சென்று ஏனைய படகுகளுக்கு வழங்குவதே அவற்றின் தொழில். "கறவைப் பசு" என்று மாலுமிகள் அவற்றுக்குப் பட்டப்பெயர் சூட்டியிருந்தனர். அவற்றிலே டோர்ப்பிடோக் குழாய்களே இருக்கவில்லை. குழாய் இல்லாத படகு எஸ்-33 ஐ டோர்ப்பிடோவால் தகர்த்தது எங்ஙனம்?

அடுத்து, நீருக்கடியில் மூழ்கியிருக்கும் இரு நீர்மூழ்கிகள் ஒன்றையொன்று வேட்டையாடும் காட்சி. இருண்ட நீரில், கண்ணாற் காணாது, ஒலியை மட்டுங் கொண்டு, முப்பரிமாணத்தில் நகரும் இலக்கைக் கணித்துச் சுடுவது அக்காலக் கருவிகளுக்கு ஏறக்குறைய எட்டாத செயல். இரு தரப்பும் மூழ்கியிருக்க ஒன்று மற்றதை அழித்ததாக அப்போரில் உறுதியாகப் பதிவான நிகழ்ச்சி ஒன்றே ஒன்றுதான். 1945 பெப்ரவரி 9 ஆம் நாள் நோர்வேக் கரைக்கப்பால் பிரித்தானிய நீர்மூழ்கி "வெஞ்சரர்" யு-864 ஐ மூழ்கடித்தது. அது நெடுநேரம் பின்தொடர்ந்து, பகைவரின் போக்கைக் கணித்து, நான்கு டோர்ப்பிடோக்களை வெவ்வேறு ஆழத்துக்கு அனுப்பிச் செய்த செயல். பயிற்சி பெற்ற ஒரு முழுக் குழுவினர் தமது சொந்தக் கப்பலில் ஒரு முறை சாதித்ததை, படத்திலே சிலர் அறியாத கப்பலில் சில நிமிடங்களுக்குள் சாதித்துவிடுகின்றனர்.

பின்னர் நாசகாரிக் கப்பல். 1942 இல் ஜேர்மன் நாசகாரிகள் நோர்வே, பிரெஞ்சுக் கரைகளை ஒட்டியே இயங்கின. நடு அத்திலாந்திக்கிலே தனியாகத் திரியவில்லை. அக்கப்பல் வீசும் ஆழ்நீர்க் குண்டுகளோ கைக்கெட்டும் தூரத்தில் மாலை மாலையாக வெடிக்கின்றன; படகு குலுங்குகிறது, குழாய்கள் பீறிடுகின்றன, ஆயினும் உடல் பிளக்கவில்லை. நூறு கிலோகிராமுக்கு மேற்பட்ட வெடிமருந்து அடங்கிய குண்டு ஆறேழு மீற்றர் தூரத்தில் வெடித்தாலே நீர்மூழ்கியின் எஃகு உடல் கிழிந்துவிடக்கூடும்.

உண்மையான யு-571 எவராலும் கைப்பற்றப்படவில்லை. 1944 ஜனவரி 28 ஆம் நாள் அயர்லாந்துக்கு மேற்கே, அவுஸ்திரேலியப் படைப்பிரிவைச் சேர்ந்த "சண்டர்லாண்ட்" விமானம் ஒன்றின் குண்டுகளால் அது மூழ்கியது. அதிலிருந்த 52 பேரும் மாண்டனர். உண்மையான எஸ்-33 உம் அத்திலாந்திக்கில் மூழ்கவில்லை.

"இவையெல்லாம் கதையின் விறுவிறுப்புக்காக" என்று சமாதானம் கூறலாம். கூறட்டும். இப்பிழைகளை மட்டும் வைத்து நாம் பேனா எடுத்திருக்க மாட்டோம். ஆனால் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். மேலே சொன்ன ஒவ்வொரு பிழையும் ஒரே திசையிலேயே தள்ளுகிறது. பகைவரின் படை உண்மையில் இருந்ததைவிடப் பெரிதாகிறது. வீரர்களின் தொகை சுருங்குகிறது. கருவியின் இயல்பு வளைகிறது. எல்லாம் ஒரு தனி மனிதன் வென்றுவிடுவதற்காக. வீரனுக்குப் பாதகமாக நேர்ந்த தொழில்நுட்பப் பிழை ஒன்றையேனும் நாம் காணவில்லை. கடைக்காரரின் கணக்கு எமக்கு நினைவுக்கு வருகிறது.

இன்னுங் கொடிய பிழை ஒன்று படத்தின் தொடக்கத்திலேயே வருகிறது. மூழ்கிய கப்பலிலிருந்து உயிர் தப்பிப் படகில் மிதப்போரை யு-571 இன் தளபதி சுட்டுக் கொல்விக்கிறார். நாசிகளின் கடற்படைக்கு நற்சான்றிதழ் வழங்குவது எமது நோக்கமன்று; அது ஐரோப்பாவைச் சிறைக்கூடமாக்கிய ஓர் அரசின் கருவி. ஆயினும் வரலாறு வரலாறுதான். உயிர் தப்பியோரைச் சுட்டதற்காகப் போரின் பின் நீதிமன்றம் தண்டித்த நீர்மூழ்கித் தளபதி ஒருவரே. யு-852 இன் தளபதி எக், 1944 மார்ச்சில் "பெலியுஸ்" என்னும் கிரேக்கக் கப்பலை மூழ்கடித்தபின் அதன் மாலுமிகள் பற்றிக்கொண்டிருந்த மிதவைகளைச் சுடுவித்தார். 1945 நவம்பரில் அவருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. மறுபுறத்தே 1942 செப்டம்பரில் நடந்ததைப் பாருங்கள். "லக்கோனியா" என்னும் கப்பலை மூழ்கடித்த யு-156, நீரில் தத்தளித்தோரை மீட்டுச் செஞ்சிலுவைக் கொடியை விரித்து நின்ற வேளையில், அமெரிக்க விமானம் ஒன்று வந்து அதன்மீது குண்டு வீசியது. இனிமேல் எவரையும் மீட்கலாகாது என்ற ஜேர்மன் கட்டளை அதன் பின்னரே பிறந்தது. போரின் கொடுமை ஒரு சீருடைக்குள் மட்டும் அடங்குவதன்று என்ற இந்தக் கசப்பான உண்மை பாசிசத்தை எதிர்த்தோரைச் சிறுமைப்படுத்தாது. அதனை மறைத்து, போரைச் சிறுவர் விளையாட்டாக்குவதே அவர்களைச் சிறுமைப்படுத்தும்.

இனி மூலப் பிழைக்கு வருவோம். படம் முழுவதும் ஒரு பெட்டியைச் சுற்றியே சுழல்கிறது. அந்தப் பெட்டியைப் பறித்துவிட்டாற் போர் வென்றது போல. எனிக்மா என்பது தட்டெழுத்துப் பொறியைப் போன்ற ஒரு கருவி. ஓர் எழுத்தைத் தட்டினால் உள்ளே சுழலும் சில்லுகளும் மின்கம்பிகளும் அதை வேறோர் எழுத்தாக மாற்றும். சில்லுகள் எந்த ஒழுங்கில், எந்த நிலையில் வைக்கப்பட்டிருக்கின்றன என்பது நாளுக்கு நாள் மாறும். பொறி கையிலிருந்தாலும் அன்றைய ஒழுங்கு தெரியாவிடில் பயனில்லை. ஆகவே வேண்டியிருந்தது பெட்டியன்று, புத்தகம். நாளாந்த ஒழுங்குகளும் சுருக்கக் குறியீடுகளும் அச்சிடப்பட்ட அப்புத்தகங்கள், நீர் பட்டதும் கரைந்துவிடும் மையினால் அச்சிடப்பட்டிருந்தன.

பொறியின் இரகசியமோ நேசநாடுகளுக்கு ஏலவே தெரிந்திருந்தது. அதனைத் துப்பாக்கி முனையில் எவரும் பறிக்கவில்லை. மரியன் ரெஜெவ்ஸ்கி என்னும் போலந்து நாட்டுக் கணிதவியலாளர் 1932 டிசம்பரில் கணிதத்தின் துணைகொண்டு அதன் சில்லுகளின் உள்ளமைப்பைக் கண்டறிந்தார். யெர்சி ருஷிட்ஸ்கி, ஹென்றிக் சிகால்ஸ்கி ஆகிய இருவரும் அவரோடு உழைத்தனர். தமது நாட்டின்மீது படை பாய்வதற்கு ஐந்து வாரங்களுக்கு முன்னர், 1939 ஜூலையில், வார்சோவுக்கு அருகேயுள்ள காட்டில் பிரெஞ்சு, பிரித்தானிய நிபுணர்களை அழைத்துத் தாம் கண்டதனைத்தையும் அவர்கள் ஒப்படைத்தனர். அவ்வித்திலிருந்தே இங்கிலாந்தின் பிளெச்சிலி பார்க்கிலே அலன் டூரிங் முதலியோரின் பணி தழைத்தது. போர் முடியுந் தறுவாயில் அங்கு ஏறத்தாழ ஒன்பதாயிரம் பேர் வேலை செய்தனர். அவர்களில் முக்கால்வாசிப் பேர் பெண்கள். இரவு பகலாக மாறி மாறி வந்து பொறிகளை இயக்கியவர்களும், அட்டைகளைத் துளையிட்டு அடுக்கியவர்களும், கேட்ட குறிகளைப் பிரதி செய்தவர்களும் அவர்களே.

இத்தகைய கூட்டு உழைப்பு, தலைமுறை கடந்த அறிவு, பல நாட்டு மக்களின் பொறுமை ஆகியவை திரையில் எப்படித் தோன்றுகின்றன? ஒரு பெட்டியாக! அதைத் தூக்கிக்கொண்டு ஓடும் ஒரு வீரனாக! உழைப்பின் பயன் கண்ணுக்குத் தெரிகிறது, உழைத்தவர்கள் மறைந்துவிடுகின்றனர். சந்தையில் அடுக்கப்பட்ட பண்டத்தைப் பார்த்து, அது தானே அங்கு வந்து உட்கார்ந்தது என்று நம்பச் சொல்லும் அதே மாயமே இதுவும்.

படம் தனக்குச் சூட்டிக்கொண்ட திகதியும் சிந்தனைக்குரியது. 1941 மே 9 ஆம் நாள் பிரித்தானிய நாசகாரியான "புல்டோக்" முதலிய கப்பல்கள் யு-110 ஐக் கடலின் மேலே வரச்செய்தன. இருபது வயதான டேவிட் பாம் என்னும் இளம் அதிகாரியின் தலைமையில் ஒரு சிறு குழு உள்ளே இறங்கியது. துப்பாக்கிச் சமர் எதுவும் அங்கு நிகழவில்லை. படகினுள் எவருமே இருக்கவில்லை. எக்கணத்தில் வெடிக்குமோ, எக்கணத்தில் மூழ்குமோ என்ற அச்சத்தின் நடுவே, கைக்குக் கை மாற்றிப் புத்தகங்களையும் பொறியையும் அவர்கள் மேலேற்றினர். அப்போது அமெரிக்கா போரிலேயே இறங்கவில்லை. அதற்கு இன்னும் ஏழு மாதங்கள் இருந்தன.

பின்னர் 1942 பெப்ரவரி முதலாம் நாள், அத்திலாந்திக்கில் இயங்கிய ஜேர்மன் நீர்மூழ்கிகள் தமது பொறியில் நான்காவது சில்லு ஒன்றைச் சேர்த்தன. பிளெச்சிலி பார்க்கின் கண் குருடாயிற்று. பத்து மாதங்களுக்கு மேலாக அந்த இருள் நீடித்தது. அவ்வாண்டில் நீர்மூழ்கிகள் அழித்த வணிகக் கப்பல்கள் ஆயிரத்துக்கு மேற்பட்டவை. அவ்வளவுக்கும் இந்த இருள் ஒன்றே காரணம் என்று நாம் சொல்லோம். ஆயினும் எத்தனையோ கப்பல்களை ஆபத்துள்ள வழியிலிருந்து திருப்பிவிட முடியாமற்போனதற்கு அதுவே காரணம்.

படம் நிகழ்வதாகச் சொல்லப்படும் 1942 இளவேனில், அந்த இருளின் நடுப்பகுதி! படத்தின் வீரர்கள் அன்றே எனிக்மாவைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டனர் என்றால், இருள் அப்போதே நீங்கியிருக்க வேண்டும். கோடை முழுவதும், மாரி தொடங்கும் வரை, எண்ணெய் எரியும் கடலில் மாண்டவர்கள் மாண்டிருக்கவே கூடாது. ஒரு திகதிப் பிழையால் அவர்களின் மரணமே பொருளற்றதாகிவிடுகிறது. சட்டை நனைந்ததா, உலர்ந்ததா என்று கணக்கெடுப்போர் இந்தத் தொடர்ச்சிப் பிழையைக் காணாதது ஏன்?

அந்த இருளை நீக்கியவர்கள் யார்? 1942 அக்டோபர் 30 ஆம் நாள் கிழக்கு மத்தியதரைக் கடலிலே "பெட்டார்ட்" என்னும் பிரித்தானிய நாசகாரியும் வேறு சில கப்பல்களும் யு-559 ஐப் பல மணி நேரம் துரத்திக் கடல் மேற்பரப்புக்கு வரச்செய்தன. இரவு வேளை. படகு மெல்ல மெல்ல மூழ்கிக்கொண்டிருந்தது. அந்தனி பாஸன் என்னும் அதிகாரியும் கொலின் கிரேசியர் என்னும் மாலுமியும் உள்ளே இறங்கினர். அவர்கள் எடுத்துக் கொடுத்த புத்தகங்களைப் பெற்று மேலே சேர்ப்பித்தவன் டொமி பிரவுண். அவன் போர்வீரனல்லன், கப்பலின் சிற்றுண்டிச்சாலை உதவியாளன். வயதைக் கூட்டிச் சொல்லி வேலைக்குச் சேர்ந்திருந்த பதினாறு வயதுச் சிறுவன். பாஸனும் கிரேசியரும் இன்னும் எதையோ எடுத்துவிட முயன்றுகொண்டிருக்கையில் படகு சடுதியாக மூழ்கியது. அவர்கள் திரும்பவில்லை. பிரவுண் தப்பினான், 1945 இல் தன் வீட்டில் மூண்ட தீயிலிருந்து சின்னத் தங்கையை மீட்க முயன்று மாண்டான்.

அவர்கள் மீட்ட புத்தகங்களில் ஒன்று வானிலைச் செய்திகளுக்கான சுருக்கக் குறியீட்டு நூல். வானிலை அறிக்கை அனுப்பும்போது ஜேர்மனியர் நான்காவது சில்லை இயங்கா நிலையில் வைத்தனர். எனவே அச்செய்திகள் பழைய மூன்று சில்லுப் பொறியின் செய்திகள் போலவே இருந்தன. அந்த இடுக்கின் வழியாகப் புகுந்தே 1942 டிசம்பர் 13 ஆம் நாள் பிளெச்சிலி பார்க் மீண்டும் பார்வை பெற்றது. ஒரு வானிலைப் புத்தகம்! அதனைக் கையிலேந்தி ஏணியில் நின்ற ஒரு சிற்றுண்டிச்சாலைப் பையன்! ஹொலிவூட்டின் கற்பனைக்கு எட்டாத நாடகம் இது. ஆயினும் இது படமாகவில்லை.

அமெரிக்கக் கடற்படைக்குச் சொந்தமான உண்மைப் பெருமை இல்லாமலில்லை. 1944 ஜூன் 4 ஆம் நாள் கப்டன் டானியல் கலரியின் அணி யு-505 ஐ முழுமையாகக் கைப்பற்றியது. அப்படகு இன்றும் சிக்காக்கோ அருங்காட்சியகத்தில் நிற்கிறது. அதையே படமாக்கியிருக்கலாமே! ஆனால் நோர்மண்டித் தரையிறக்கத்துக்கு இரண்டே நாட்களுக்கு முன்னர் நடந்த செயலில் உலகைக் காத்த பெருமையை ஏற்ற முடியாது. உண்மை இருந்தது, அது விலைபோகாது என்று கருதப்பட்டது. படத்தின் திரைக்கதையில் பங்குகொண்ட டேவிட் அயர், 2006 இல் பி.பி.சி.க்கு அளித்த பேட்டியில், அமெரிக்கப் பார்வையாளரின் பொருட்டு வரலாற்றைத் திரித்தது பணத்துக்காக எடுக்கப்பட்ட முடிவு என்ற கருத்துப்பட வருந்தினார். இவ்வொப்புதலின் பின்னரும் பிழை தற்செயலானது என்று சொல்வோர் உளரோ?

படத்தின் முடிவில் சில வரிகள் தோன்றுவது உண்மையே. யு-110 ஐயும் யு-559 ஐயும் பிரித்தானியக் கப்பல்கள் கைப்பற்றின என்றும், யு-505 ஐ அமெரிக்கர் கைப்பற்றினர் என்றும் அவை அறிவிக்கின்றன. இரண்டு மணி நேரம் இடியும் மின்னலுமாகப் பொய்யுரைத்துவிட்டு, விளக்குகள் ஏற்றப்பட்டு மக்கள் எழுந்து செல்லும் வேளையில் மெல்ல முணுமுணுக்கப்படும் உண்மை, உண்மையாகாது. அது பற்றுச்சீட்டின் பின்புறத்தில் அச்சிடப்படும் நிபந்தனை போன்றது.

ஆனால் இவ்விடத்தில் நாம் இன்னொரு பக்கமும் திரும்ப வேண்டியிருக்கிறது. படம் வெளிவந்த ஆண்டில் பிரித்தானியப் பாராளுமன்றத்தில் இது பற்றிய வினா எழுந்தது. இப்படம் பிரித்தானிய மாலுமிகளின் நினைவுக்கு இழைக்கப்பட்ட அவமதிப்பு என்பதைப் பிரதமர் டோனி பிளேயர் ஏற்றுக்கொண்டார். நியாயமான கோபமே. ஆயினும் அடுத்த ஆண்டிலேயே, 2001 இல், பிரித்தானியர் எடுத்த "எனிக்மா" என்னும் படம் வந்தது. பிளெச்சிலி பார்க்கைக் களமாகக் கொண்ட அப்படத்தில் முதன்மையாக வரும் போலந்துக்காரர் யார் தெரியுமா? துரோகி! எனிக்மாவின் முதற் கதவைத் திறந்த நாட்டின் மகனுக்குத் திரையில் கிடைத்த வேடம் அது. தன் வீட்டுப் பொருள் களவு போனதெனக் கூச்சலிட்டவரின் பெட்டியைத் திறந்தால் அயலவரின் பொருள் கிடக்கிறது. பிரித்தானியத் தேசியப் பெருமிதத்தை அமெரிக்கத் தேசியப் பெருமிதத்துக்கு எதிராக நிறுத்துவது எமது நோக்கமன்று என்பதற்காகவே இதனைக் கூறுகிறோம். கொடி மாறினால் பிழை திருந்திவிடாது.

சரியான விவரமுங்கூடப் பொய் சொல்ல வல்லது. "யு-571" இலே எடி என்னும் கறுப்பின மாலுமி உணவு பரிமாறும் பணியாளராக வருகிறார். இது வரலாற்றுக்கு முற்றிலும் ஒத்தது. 1942 ஜூன் வரை அமெரிக்கக் கடற்படையில் கறுப்பினத்தவர் புதிதாகச் சேரக்கூடிய ஒரே பிரிவு சமையலறைப் பிரிவே. ஆனால் ஏன் அவர் அங்கு நிற்கிறார், எந்தச் சட்டம் அவரை அங்கு நிறுத்தியது என்பதைப் படம் கேட்கவில்லை. ஜேர்மனியரைப் பார்த்து ஒரு துணிச்சலான வார்த்தை பேச அவருக்கு இடமளிக்கப்படுகிறது. தன் சொந்தக் கடற்படையைப் பார்த்துப் பேச இடமளிக்கப்படவில்லை. சீருடையின் பொத்தான் சரி. சீருடைக்குள் இருந்த அநீதி மட்டும் மறைந்துவிட்டது.

இக்கதைகளிலே எமது கடலுக்கும் பங்குண்டு. யு-559 இன் புத்தகங்களை மீட்ட அதே பெட்டார்ட், பின்னர் இந்து சமுத்திரத்துக்கு வந்தது. 1944 பெப்ரவரி 12 ஆம் நாள், மொம்பாசாவிலிருந்து கொழும்புக்கு வந்துகொண்டிருந்த கப்பல் அணி ஒன்றுக்கு அது காவலாக வந்தது. மாலைதீவுக்கு அண்மையில் "கெடிவ் இஸ்மாயில்" என்னும் துருப்புக் கப்பலை ஐ-27 என்னும் யப்பானிய நீர்மூழ்கி டோர்ப்பிடோவால் தாக்கியது. இரண்டு மூன்று நிமிடங்களுக்குள் கப்பல் மூழ்கியது. ஏறத்தாழ 1,300 பேர் மாண்டனர். அவர்களிற் பெரும்பாலோர் கிழக்கு ஆபிரிக்கப் பீரங்கிப் படையினர், தாதியரும் இருந்தனர். தமதல்லாத சாம்ராச்சியத்தின் போருக்காக, தாம் கண்டறியாத கொழும்பை நோக்கி வந்து, பாதி வழியில் மாண்ட அந்த ஆபிரிக்க இளைஞர்களுக்கு எந்த ஹொலிவூட் எழுந்தது? பிரித்தானிய வணிகக் கப்பல்களில் வேலை செய்தோரில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் இந்தியா முதலிய ஆசிய நாடுகளின் மாலுமிகள். கொதிகலன் அறையில், நீர்மட்டத்துக்குக் கீழே, டோர்ப்பிடோ முதலிற் பாயும் இடத்தில் நின்றவர்களிற் பலர் அவர்களே. இவர்களைக் குறித்துப் படங்கள் செய்யும் பிழையை எந்தப் பட்டியலிலும் சேர்க்க முடியாது. திரையில் தோன்றாதவனின் சட்டை நனைந்ததா, உலர்ந்ததா என்று யார் பார்ப்பது?

இங்கே எம்மை நோக்கி நியாயமான வினா ஒன்று எழும். "நீங்கள் போற்றும் ஐசென்ஸ்டைனின் 'போர்க்கப்பல் பொட்டெம்கின்' மட்டும் பிழையற்றதா?" பிழையற்றதன்று. 1905 இன் கப்பற் கிளர்ச்சியைச் சித்திரிக்கும் அப்படம் 1925 இல் எடுக்கப்பட்டபோது பொட்டெம்கின் பயன்படுத்தக்கூடிய நிலையில் இருக்கவில்லை. வேறொரு பழைய போர்க்கப்பல் அதற்குப் பதிலாக நடித்தது. மாலுமிகள் மீது தார்ப்பாய் போர்த்திச் சுட முனையும் காட்சி ஐசென்ஸ்டைனின் கற்பனை. ஒடெசாப் படிக்கட்டுப் படுகொலையும் திரையிற் காண்பதுபோல நிகழவில்லை.

ஆயினும் உரைகல்லை எடுங்கள். ஒடெசாவில் அந்நாட்களில் ஜார் மன்னனின் படைகள் மக்களைச் சுட்டது உண்மை. நகரெங்கும் சிதறிக் கிடந்த அக்கொடுமையைக் கலைஞன் ஒரு படிக்கட்டில் குவித்துக் காட்டினான். செய்தவனின் செயலைப் பிறனுக்கு மாற்றி எழுதவில்லை. பெயரற்ற மக்களைத் தள்ளிவிட்டுத் தனி வீரனை நிறுத்தவுமில்லை. அவனது கற்பனை மறைக்கப்பட்டவர்களைத் திரைக்குக் கொண்டுவந்தது. ஹொலிவூட்டின் கற்பனை திரையிலிருந்தவர்களை வெளியே தள்ளியது.

அதற்காக அப்படத்துக்கும் நாம் முழு மன்னிப்பு வழங்கிவிட முடியாது. வெற்றி முழக்கத்தோடு முடியும் அப்படம், பொட்டெம்கின் கடைசியில் ருமேனியாவின் கொன்ஸ்தான்சாத் துறைமுகத்துக்குச் சென்று சரணடைந்ததைச் சொல்லவில்லை. அக்கப்பலின் துணிவைப் போலவே அதன் தனிமையும் தோல்வியும் எமது மாணவர் அறிய வேண்டியவை. எமக்குப் பிடித்த படத்தின்மீது வைக்கத் தயங்கும் உரைகல்லைப் பிறர் படத்தின்மீது வைக்கும் உரிமை எமக்கில்லை.

எனவே ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் நாம் சொல்ல விரும்புவது இதுதான். இத்தகைய படங்களைப் பார்க்காதீர் என்று நாம் கூறவில்லை. பாருங்கள், வகுப்பறைக்கும் கொண்டு வாருங்கள். பிழைகளையும் தாராளமாக எண்ணுங்கள். ஆனால் எண்ணியதோடு நின்றுவிடாதீர்கள். ஒவ்வொரு பிழையின் எதிரேயும் மூன்று வினாக்களை எழுதுங்கள். இதனால் யார் பெரியவரானார்? யார் காணாமற்போனார்? யாருடைய உழைப்பு யாருடைய சொத்தாயிற்று? கடிகாரப் பிழையின் எதிரே மூன்று விடைகளும் வெறுமையாகவே இருக்கும். அதனைச் சிரித்துவிட்டு விட்டுவிடலாம். விடைகள் நிரம்பி வழியும் பிழையை விட்டுவிடக் கூடாது.

இன்று வரலாற்றைப் பாடநூலிலிருந்து கற்போரை விடத் திரையிலிருந்து கற்போரே அதிகம். பாடநூலை எழுதியவரைக் கேள்வி கேட்கப் பழக்கும் நாம், திரையை எழுதியவரைக் கேள்வி கேட்கவும் பழக்குதல் வேண்டும். மூழ்கும் படகின் ஏணியிலே, கையில் ஈரப் புத்தகங்களோடு, கீழே சென்ற இருவரையும் மேலே வரும்படி அழைத்துக்கொண்டு நின்றான் ஒரு சிற்றுண்டிச்சாலைப் பையன். அவன் பெயர் டொமி பிரவுண். அவனது இடத்தில் வேறொருவரை நிறுத்தும் உரிமையை நாம் எவருக்கும் கொடுக்கவில்லை.